‘வில்’ மட்டும் போதாது: ஆங்கிலத்தில் எதிர்காலத்தைச் சொல்லப் பழகுவது எப்படி?

ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே சொல்தான் நினைவுக்கு வரும்: வில். பள்ளியில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று கட்டம் போட்டு, மூன்றாவது கட்டத்தில் வில்லை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு பாடம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் வில் போட்டுப் பேசினாலும் எதிரில் இருப்பவருக்குப் புரியத்தான் செய்யும். ஆனால் நீங்கள் சொல்ல நினைக்காததும் சேர்ந்து புரியும். என்றோ முடிவுசெய்த வேலை அந்த நொடியில் தோன்றியதுபோலக் கேட்கும். நேரம் குறித்து வைத்த சந்திப்பு, ‘பார்க்கலாம்’ என்ற அளவில் கேட்கும்.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வோம். ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்காலத்துக்கென்று தனி வடிவம் கிடையாது. நிகழ்காலத்துக்குக் கோ, இறந்தகாலத்துக்கு வென்ட், அவ்வளவுதான். ‘போவேன்’ என்பதுபோல ஒரே சொல்லுக்குள் எதிர்காலத்தை அடக்கும் வசதி அங்கே இல்லை. இதனால்தான் ராண்டால்ஃப் குவர்க் போன்ற இலக்கண அறிஞர்கள், ஆங்கிலத்தில் ‘ஃப்யூச்சர் டென்ஸ்’ என்றே ஒன்று இல்லை என்றார்கள். அந்த இடத்தை நிரப்ப ஆங்கிலம் பல வழிகளை வைத்திருக்கிறது. காரியம் எப்போது நடக்கும் என்பதை வைத்து வழி மாறுவதில்லை. பேசுகிற இந்த நேரத்தில் அந்தக் காரியம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே மாறுகிறது. இப்போதுதான் தோன்றியதா, முன்பே முடிவானதா, இன்னொருவரோடு பேசி உறுதியானதா, அட்டவணையில் ஏறிவிட்டதா? இந்தக் கேள்வியை விடாமல் கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: முடிவு எப்போது எடுத்தீர்கள்?

அலுவலகத்தில் ஒருவர் வந்து, பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டது என்கிறார். உங்களுக்கு அது புதுச் செய்தி. உடனே எழுந்துகொண்டே சொல்கிறீர்கள்: "ஓ, ஐ'ல் கெட் சம்." முடிவு அந்த நொடியில் பிறந்தது, அதனால் வில் வந்தது. பேச்சில் அது சுருங்கி ‘ஐ'ல்’ ஆகும்.

இப்போது அதே செய்தி உங்களுக்குக் காலையிலேயே தெரியும், சாப்பிட்டுவிட்டு வரும்போது எடுத்துவரலாம் என்று நினைத்துவைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அப்போது பதில் இப்படி வரும்: "ஐ நோ. ஐ'ம் கோயிங் டு கெட் சம் ஆஃப்டர் லன்ச்." முடிவு முன்பே எடுத்தாயிற்று, அதனால் கோயிங் டு.

இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செய்தியை இப்போதுதான் கேட்டவர் "ஐ'ம் கோயிங் டு கெட் சம்" என்றால், ‘அப்படியானால் இவருக்கு முன்பே தெரியுமா? ஏன் இவ்வளவு நேரம் சும்மா இருந்தார்?’ என்று கேட்பவர் நினைப்பார். காலையிலேயே தெரிந்தவர் "ஐ நோ, ஐ'ல் கெட் சம்" என்றால், தெரிந்தும் இதுவரை ஒரு யோசனையும் இல்லாமல் இருந்தார் என்று படும். இரண்டு வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை. மாறுவது உங்களைப் பற்றி அவர் நினைப்பதுதான்.

கோயிங் டு நமக்கு எளிது. ‘வாங்கப்போகிறேன்’, ‘படிக்கப்போகிறேன்’ என்று தமிழும் போ என்ற வினையை வைத்தே சொல்கிறது. ஆகவே ‘-ப்போகிறேன்’ என்று மனத்தில் வந்தால், கோயிங் டு என்று தைரியமாகச் சொல்லலாம்.

வில்லில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நொடியில் எடுக்கும் முடிவை நாம் பெரும்பாலும் நிகழ்காலத்தில் சொல்கிறோம். கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் ‘நான் திறக்கிறேன்’ என்போம். ‘இதை நான் பார்த்துக்கொள்கிறேன்’, ‘அப்புறம் கூப்பிடுகிறேன்’, ‘நானும் வருகிறேன்’ எல்லாமே நிகழ்கால வடிவம். அதை அப்படியே பெயர்த்து "ஐ ஆம் ஓப்பனிங் த டோர்" என்றோ "ஐ கால் யூ லேட்டர்" என்றோ சொன்னால் சரியாக வராது. அங்கே வேண்டியது "ஐ'ல் ஓப்பன் இட்", "ஐ'ல் கால் யூ லேட்டர்", "ஐ'ல் கம் டூ." தமிழில் ‘-கிறேன்’ என்று வந்தாலும், உதவ முன்வருவதாகவோ வாக்குக் கொடுப்பதாகவோ இருந்தால் வில் போடுங்கள். நம்மவர் பேசும் ஆங்கிலத்தில் இந்த ஒரு திருத்தம் மட்டும் நடந்தாலே பேச்சு நிறைய இயல்பாகிவிடும்.

வில்லின் எதிர்மறை வோன்ட். ‘செய்யமாட்டேன்’ என்ற மறுப்பு முழுவதும் அதில் உண்டு. உயிரில்லாத பொருளுக்கும் அது பொருந்தும். வண்டி கிளம்பாமல் படுத்தினால் ‘ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது’ என்று நாம் சொல்வதுபோல, ஆங்கிலம் பேசுபவர்களும் "த கார் வோன்ட் ஸ்டார்ட்" என்பார்கள். இது எதிர்காலம் கூட இல்லை, இந்த நிமிடத்தின் தொல்லை.

படி 2: இன்னொருவர் சம்பந்தப்பட்டிருக்கிறாரா?

முடிவு உங்கள் மனத்துக்குள் மட்டும் இருந்தால் கோயிங் டு. நேரம் குறித்து, மற்றவரிடம் பேசி, டிக்கெட் எடுத்து ஏற்பாடு ஆகிவிட்டால் பிரசன்ட் கன்டினியூஸ். "ஐ'ம் கோயிங் டு சீ அ டாக்டர்" என்றால் டாக்டரைப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது, இன்னும் அப்பாயின்ட்மென்ட் வாங்காமலும் இருக்கலாம். "ஐ'ம் சீயிங் த டாக்டர் அட் ஃபோர்" என்றால் நான்கு மணிக்கு நேரம் வாங்கியாயிற்று. ஒருவர் உங்களை மாலையில் அழைக்கிறார், மறுக்க வேண்டும் என்றால் இந்த வடிவம் மிகவும் உதவும்: "சாரி, ஐ'ம் மீட்டிங் அ ஃப்ரெண்ட் திஸ் ஈவ்னிங்." உங்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது என்பது அவருக்கு உடனே விளங்கும். அங்கே "ஐ வில் மீட் அ ஃப்ரெண்ட்" என்றால், அவர் அழைத்ததும் தப்பிக்க ஒரு காரணம் கண்டுபிடித்ததுபோல ஒலிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நேரத்தைக் குறிக்கும் சொல் வாக்கியத்திலோ பேச்சின் போக்கிலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்போது நடப்பதாகப் பொருள் வந்துவிடும். அப்புறம், மனிதர்களால் ஏற்பாடு செய்ய முடிந்த காரியங்களுக்கு மட்டும்தான் இந்த வடிவம். மழையோடு யாரும் பேசி நேரம் குறிக்க முடியாது, அதனால் "இட் இஸ் ரெயினிங் டுமாரோ" என்பது தவறு.

படி 3: அட்டவணையில் இருக்கிறதா?

ரயில், விமானம், தேர்வு, வகுப்பு, திரைக்காட்சி ஆகியவற்றுக்கு சிம்பிள் பிரசன்ட் போதும். "த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்." "த எக்ஸாம் ஸ்டார்ட்ஸ் ஆன் மண்டே." "வாட் டைம் டஸ் த ஃபிலிம் பிகின்?" ஒருவருடைய சொந்தத் திட்டத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. ‘நாளைக்கு வருகிறேன்’ என்பதை "ஐ கம் டுமாரோ" என்று சொல்வது நம்மவரிடம் அடிக்கடி கேட்கும் தவறு. அது "ஐ'ம் கமிங் டுமாரோ" என்று இருக்க வேண்டும்.

படி 4: கணிக்கும்போது, கண்ணுக்கு என்ன தெரிகிறது?

முடிவு, ஏற்பாடு எல்லாம் நம் கையில் இருப்பவை. நம் கையில் இல்லாததை ஊகித்துச் சொல்லும்போது கேள்வி மாறும்: ஆதாரம் கண்ணெதிரே இருக்கிறதா?

வானம் கறுத்துவிட்டது, காற்று வீசுகிறது. "இட்ஸ் கோயிங் டு ரெயின்." குழந்தை மேசை விளிம்பில் ஏறி நிற்கிறது. "ஷி'ஸ் கோயிங் டு ஃபால்!" இங்கே "ஷி வில் ஃபால்" என்றால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் வராது, ஜோசியம் சொன்னதுபோல இருக்கும். கண்ணெதிரே ஒன்றும் இல்லை, உங்கள் அபிப்பிராயம் மட்டும்தான் என்றால் வில் வரும். அதோடு ஐ திங்க், ஐ'ம் ஷுர், ப்ராபப்ளி போன்றவை அடிக்கடி துணைக்கு வரும்: "ஐ திங்க் ஷி'ல் பாஸ்."

ப்ராபப்ளியை எங்கே வைப்பது என்று பலர் தடுமாறுகிறார்கள். வில்லுக்குப் பின்னால், வோன்ட்டுக்கு முன்னால்: "ஹி வில் ப்ராபப்ளி கம்", "ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்." உறுதி இன்னும் குறைவு என்றால் மே அல்லது மைட், ‘வரலாம்’ என்பதற்கு "ஹி மைட் கம்." எதிர்மறைக் கணிப்பில் இன்னொரு வழக்கம் உண்டு. ‘அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன்’ என்பதற்கு "ஐ டோன்ட் திங்க் ஹி'ல் கம்" என்று எதிர்மறையை முன்னால் தள்ளிச் சொல்வதே அவர்களுக்கு இயல்பு.

படி 5: வில் வரக் கூடாத இடம்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பழகுங்கள். நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களும் தவறும் இடம் இது.

‘வீட்டுக்குப் போனதும் கூப்பிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். "வென் ஐ வில் ரீச் ஹோம், ஐ வில் கால் யூ" என்று இரண்டு பக்கமும் வில் போடத் தோன்றும். சரியானது: "வென் ஐ ரீச் ஹோம், ஐ'ல் கால் யூ." எதிர்காலம் என்பதை முக்கிய வாக்கியம் ஒருமுறை சொல்லிவிட்டது, துணை வாக்கியம் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, நிகழ்கால வடிவமே போதும். வென் மட்டுமில்லை, ஆஃப்டர், பிஃபோர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ், ஒன்ஸ், இஃப், அன்லெஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். "இஃப் இட் ரெயின்ஸ், வி'ல் ஸ்டே இன்சைட்." "வெயிட் ஹியர் அன்டில் ஐ கம் பேக்."

இதில் விசித்திரம் எதுவும் இல்லை. ‘போனதும்’ என்ற சொல்லைப் பாருங்கள். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, ஆனால் சொல்லின் வடிவம் இறந்தகாலம். ‘மழை பெய்தால்’ என்பதும் அப்படித்தான். நாம் இறந்தகால வடிவத்தை வைத்து வரப்போவதைச் சொல்கிறோம், அவர்கள் நிகழ்கால வடிவத்தை வைத்துச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் துணை வாக்கியத்தில் எதிர்கால வடிவத்தைத் தேடாமல் இருப்பது இரண்டு மொழிக்கும் பொது.

ஆனால் "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்" என்று ஒருவர் சொல்கிறார். அது சரி. "ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்" என்பதும் சரி. அப்படியானால் விதி என்ன ஆயிற்று? தமிழை வைத்தே சோதிக்கலாம். அந்த வென், ‘வரும்போது’ என்றோ ‘வந்ததும்’ என்றோ தமிழில் வந்தால் வில் கூடாது. ‘எப்போது வருவார் என்று’ என வந்தால் வில் வரலாம். அதேபோல இஃப், ‘வந்தால்’ என்று வந்தால் வில் கூடாது. ‘வருவாரா என்று’ என வந்தால் வரலாம். உள்ளே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

காரியம் முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்தது என்று அழுத்த வேண்டுமானால் பிரசன்ட் பெர்ஃபெக்ட் போடலாம்: "ஐ'ல் ரிட்டர்ன் த புக் வென் ஐ ஹேவ் ரெட் இட்." புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டுத் தருகிறேன் என்று பொருள்.

படி 6: ‘வருவார்’ எல்லாம் எதிர்காலம் அல்ல

‘அவர் தினமும் ஒன்பது மணிக்கு வருவார்.’ இது எதிர்கால வடிவம்தான், ஆனால் பேசப்படுவது வழக்கம். தமிழில் எதிர்கால வடிவம் பழக்கத்தையும் குறிக்கும். அந்தப் பழக்கத்தில் நாம் "ஹி வில் கம் அட் நைன் டெய்லி" என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவர், இனிமேல் அப்படி வரப்போகிறார் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வேண்டியது சிம்பிள் பிரசன்ட்: "ஹி கம்ஸ் அட் நைன் எவ்ரி டே." ‘சின்ன வயதில் இங்கேதான் விளையாடுவோம்’ என்ற பழைய வழக்கத்துக்கு யூஸ்ட் டு: "வி யூஸ்ட் டு ப்ளே ஹியர்." ஒருவருடைய சுபாவத்தை எடுத்துச் சொல்ல ஆங்கிலத்திலும் வில் வருவதுண்டு. ஆனாலும் தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. ‘வழக்கமாக’ என்ற சொல்லைச் சேர்த்துப் பார்த்து, பொருந்தினால் வில்லை விட்டுவிடுங்கள்.

படி 7: அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்குமா, முடிந்திருக்குமா?

பெயரைக் கேட்டதும் பலர் பயப்படுகிற ஃப்யூச்சர் கன்டினியூஸ், ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் இரண்டும் நமக்கு மிகவும் நெருக்கமானவை. ‘-க்கொண்டிருப்பேன்’ என்றால் வில் பி: "அட் எய்ட், ஐ'ல் பி ட்ரைவிங்", எட்டு மணிக்கு ஓட்டிக்கொண்டிருப்பேன், அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள். ‘-இருப்பேன்’ என்றால் வில் ஹேவ்: "பை எய்ட், ஐ'ல் ஹேவ் ஃபினிஷ்ட்", எட்டு மணிக்குள் முடித்திருப்பேன். அட், பை என்ற இரண்டு சின்னச் சொற்களும் வாக்கியத்தோடு சேர்ந்து மாறுவதைக் கவனியுங்கள். பை என்றால் ‘-க்குள்’, அன்டில் என்றால் ‘வரை’. "ஐ'ல் ஃபினிஷ் அன்டில் எய்ட்" என்பது பொருளற்றது.

‘இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்’ என்று நாம் ஊகிக்கிறோமே, அதற்கும் இதே வடிவம்தான்: "ஹி'ல் ஹேவ் அரைவ்ட் பை நவ்."

வில் பி வடிவத்துக்கு ஒரு மரியாதைப் பயனும் உண்டு. "வில் யூ யூஸ் த மீட்டிங் ரூம்?" என்றால், பயன்படுத்தச் சொல்வதுபோலவோ வற்புறுத்துவதுபோலவோ தொனிக்கலாம். "வில் யூ பி யூசிங் த மீட்டிங் ரூம்?" என்று கேட்டால், உங்கள் திட்டத்தைத் தெரிந்துகொள்ள மட்டுமே கேட்கிறேன், மாற்றச் சொல்லவில்லை என்ற பணிவு வந்துவிடும். அலுவலகத்தில் பேசுபவர்கள் இதை அவசியம் பழக வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

ஷல்: ஐ, வி இரண்டுக்கும் ஷல், மற்றவற்றுக்கு வில் என்ற விதி 1653-இல் ஜான் வாலிஸ் எழுதிய இலக்கணத்தில் வந்தது. இன்றைய பேச்சில் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஷல் இன்று உயிரோடு இருப்பது பெரும்பாலும் கேள்வியில்தான்: "ஷல் ஐ ஹெல்ப் யூ?" என்றால் உதவட்டுமா, "ஷல் வி கோ?" என்றால் போகலாமா. ஒப்பந்தங்களில் வரும் ஷல், எதிர்காலத்தைவிடக் கட்டாயத்தையே குறிக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதை ‘செய்தே ஆக வேண்டும்’ என்று படியுங்கள்.

அபௌட் டு: இதோ, இப்போதே நடக்கவிருப்பது. "ஐ வாஸ் அபௌட் டு கால் யூ" என்றால் இப்போதுதான் கூப்பிட இருந்தேன். இதில் வாஸ் வந்ததைக் கவனித்தீர்களா? "ஐ வாஸ் கோயிங் டு கால் யூ" என்பதும் இப்படித்தான்: கூப்பிடுவதாக இருந்தேன், பெரும்பாலும் கூப்பிடவில்லை.

செய்தித்தாள் தலைப்பில் வினைக்கு முன்னால் வெறும் டு வந்தால் அது எதிர்காலம். "மினிஸ்டர் டு ஓப்பன் நியூ பிரிட்ஜ்" என்றால் பாலத்தை அமைச்சர் திறக்கவிருக்கிறார்.

கொன்னா: கோயிங் டுவின் பேச்சு வடிவம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், அலுவல் கடிதத்தில் எழுதாதீர்கள். பின்னால் ஒரு வினை இருந்தால்தான் அது வரும். "ஐ'ம் கோயிங் டு த ஸ்டேஷன்" என்பதில் கோயிங் உண்மையாகவே ஓரிடத்துக்குப் போவது, அதைக் கொன்னா ஆக்க முடியாது.

பழகும் முறை

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். முதல் வாரம் படி 1-ம் 5-ம் மட்டும். இவை இரண்டும்தான் தினசரிப் பேச்சில் அதிகம் வருபவை. உங்கள் அடுத்த வாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உண்மையான வாக்கியங்களாக எழுதுங்கள். கற்பனை வாக்கியத்தில் காரியத்தின் நிலை என்ன என்று உங்களுக்கே தெரியாது, அதனால் பயிற்சி ஓடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ‘இப்போது தோன்றியது’, ‘முடிவானது’, ‘ஏற்பாடானது’, ‘அட்டவணை’ என்று தமிழில் ஒரு சொல் குறித்துவையுங்கள். பிறகு அதை உரக்கச் சொல்லிப் பாருங்கள், ஐ வில் என்று நீட்டாமல் ஐ'ல் என்றே. நீட்டிச் சொன்னால் அழுத்தம் ஏறி, யாரோ மறுத்ததற்குப் பதில் சொல்வதுபோல ஆகிவிடும்.

வாரக் கடைசியில் அதே தாளைத் திரும்ப எடுங்கள். ‘முடிவானது’ என்று குறித்த சில, இதற்குள் நேரம் குறித்து ‘ஏற்பாடானது’ ஆகியிருக்கும். அந்த வாக்கியங்களை மட்டும் கோயிங் டுவிலிருந்து பிரசன்ட் கன்டினியூஸுக்கு மாற்றி எழுதுங்கள்: "ஐ'ம் கோயிங் டு மீட் ஹெர்" என்று இருந்தது "ஐ'ம் மீட்டிங் ஹெர் ஆன் ஃப்ரைடே" ஆகும்.